பியூசில பிரெஞ்சு எடுத்தா சீட்டு கிடைக்குமா?

கேள்வி: அக்கா, நாங்க பெங்களூர் ராமமூர்த்தி நகர். பொண்ணு பத்தாவது முடிக்கப் போறா, இதுவரைக்கும் செகண்ட் லாங்குவேஜ் தமிழ்தான். பியூசில (பதினொண்ணு, பன்னெண்டாவது) பிரெஞ்சு எடுத்தா மார்க்கை அள்ளலாம், அமெரிக்கா காலேஜ்லயும் மதிப்புன்னு அபார்ட்மெண்ட்ல ஆளாளுக்கு சொல்றாங்க. அவளுக்கு கம்ப்யூட்டர் சயின்ஸ் ஆசை. மாத்திடலாமா?

பதில்: மாத்த வேண்டாம்மா.

முதல்ல இங்க உள்ள கணக்கைப் பாருங்க. சிஇடிங்கற கர்நாடகா நுழைவுத் தேர்வுல இன்ஜினியரிங் ரேங்க் போடறது பியூசி பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, மேத்ஸ் மார்க்ல பாதி, சிஇடி மார்க்ல பாதி, அவ்வளவுதான், லாங்குவேஜ் பேப்பர்ல 98 வாங்கினாலும் ரேங்க் ஒரு இடம் கூட நகராது. ஜேஇஇங்கற அகில இந்திய நுழைவுத் தேர்வு வழியா ஐஐடி, என்ஐடி போறதுன்னா மட்டும் கொஞ்சம் கவனிக்கணும், ஏன்னா அங்க ஜெனரல் கேட்டகரிக்கு பன்னெண்டாவதுல அஞ்சு சப்ஜெக்ட் சேர்த்து 75 பர்சன்ட், இல்லன்னா போர்டுல டாப் 20 பர்சன்டைல் கேப்பாங்க, அந்த அஞ்சு சப்ஜெக்ட்ல ஒரு லாங்குவேஜும் சேரும். இதுக்கு பத்து வருஷமா படிக்கிற தமிழ்ல எடுக்கற மார்க்கே தாராளம்.

இப்ப அமெரிக்கா. பெர்க்லி, யுசிஎல்ஏ எல்லாம் வர்ற கலிபோர்னியா யுனிவர்சிட்டில ஒன்பதாவதுல இருந்து பன்னெண்டு வரைக்கும் இங்கிலீஷ் இல்லாத ஒரு மொழி 2 வருஷ லெவல் கட்டாயம், 3 வருஷம்னா நல்லதுன்னு சொல்றாங்க. ஹார்வர்ட் ஒரே மொழியை 4 வருஷம் படிச்சா நல்லதுங்குது, அது அறிவுரைதான், ரூல் இல்ல. ஆனா எங்கயும் அது பிரெஞ்சாதான் இருக்கணும்னு இல்லம்மா, மார்க் ஷீட்ல ஏறின தமிழும் ஒரு மொழிதானே. பதினொண்ணுல புதுசா பிரெஞ்சு ஆரம்பிச்சா ஆரம்பப் பாடம்தான் காட்ட முடியும், அதுவே தமிழை விடாம தொடர்ந்தா 4 வருஷமும் வரிசையா நிக்கும். பக்கத்து வீட்டு ஆன்ட்டிக்கு இதையே சொல்லுங்க, நம்ப மாட்டாங்க, பரவால்ல.

ஒரு சிக்கல் இருக்கு. பியூ போர்டுல தமிழ் இருந்தாலும் எல்லா காலேஜ்லயும் வாத்தியார் கிடையாது, அல்சூர், சிவாஜிநகர் பக்கம் கேட்டுப் பாருங்க, பணம் கட்டறதுக்கு முன்னாடியே கேளுங்க. தமிழே இல்லாத காலேஜ்தான் வேணும்னா அப்ப பிரெஞ்சோ சமஸ்கிருதமோ எதுவோ எடுங்க, சீட்டுக்காகன்னு மட்டும் நினைக்காதீங்க.

கேள்வி: பையன் ஸ்கூல்ல ஜெர்மன் படிக்கிறான், ஜெர்மனில காலேஜ் ஃப்ரீயாம். அது போதுமா சார்? (ஜெயநகர் வாசகர்)

பதில்: சார் இல்ல, அக்காதான்! இங்கதான் மொழி நிஜமாவே சீட்டை முடிவு பண்ணும். அரசு யுனிவர்சிட்டில பெரும்பாலும் ட்யூஷன் ஃபீஸ் இல்ல, ஆனா பாடன் வுர்ட்டம்பர்க் மாநிலம் 2017-ல இருந்து நம்ம மாதிரி ஆளுங்ககிட்ட செமஸ்டருக்கு 1500 யூரோ வாங்குது. அதோட பேச்சிலர் கோர்ஸ் முக்கால்வாசி ஜெர்மன்லயே நடக்கும், டெஸ்ட்டாஃப் மாதிரி ஜெர்மன் மொழி எக்ஸாம் எழுதி சி1 லெவல் (ஏ1-ல இருந்து சி2 வரைக்கும் உள்ள ஆறு படில அஞ்சாவது) பக்கம் வரணும். நம்ம ப்ளஸ் டூ மட்டும் வச்சு பொதுவா நேரா சேரவும் முடியாது, ஜேஇஇ அட்வான்ஸ்ட் பாஸ் பண்ணியிருக்கணும், இல்ல இங்க ஒரு வருஷம் காலேஜ் முடிச்சிருக்கணும், அதுவும் இல்லன்னா அங்க ஸ்டூடியன்கொல்லெக்ங்கற யுனிவர்சிட்டிக்கு முந்தின தயாரிப்புப் படிப்பு ஒரு வருஷம். அதுல நுழையவே பி1 வேணும், நிறைய இடத்துல பி2. ஸ்கூல் ஜெர்மனை மட்டும் நம்பாம ஜெர்மன் சொல்லித் தர்ற இந்திராநகர் மாக்ஸ்முல்லர் பவன்ல லெவல் டெஸ்ட் எழுத வைங்க, எங்க நிக்கறான்னு அன்னைக்கே தெரிஞ்சிடும். நம்ம படிப்பு சான்றிதழ்களை சரிபார்த்து தர்ற ஏபிஎஸ் சர்டிஃபிகேட்டும் வேணும், அதுக்கு முன்கூட்டியே அப்ளை பண்ணிடுங்க.