முன்னாடி லொட லொடன்னு சத்தம் வருதா? கேளுங்க, சொல்றேன்

இருபது வருஷத்துக்கு மேல காருக்கு அடியில படுத்து வேலை பாத்த ஆளு நான், ஸ்டீயரிங், சஸ்பென்ஷன் எதுன்னாலும் கேளுங்க. வண்டியப் பாக்காம முழுசா சொல்ல முடியாது, ஆனா எங்க கையை வைக்கணும்னு சொல்லலாம்.

கேள்வி: அண்ணா, 90 ஆயிரம் கிலோமீட்டர் ஓடுன ஹேட்ச்பேக். குண்டும் குழியுமான ரோட்ல மெதுவா போனா முன்னாடி லொட லொடன்னு சத்தம். ரெண்டு ஷாக்கரும் (ஷாக் அப்சார்பர்) மாத்தணும்ங்கிறாங்க. மாத்திடவா?

பதில்: அவசரப்படாதீங்க தம்பி. மொதல்ல லிங்க் ராடைப் பாருங்க, ஸ்டெபிலைசர் பாரையும் (வளைவுல வண்டி சாயாம புடிக்கிற குறுக்குக் கம்பி) ஷாக்கரையும் சேக்குற சின்ன கம்பிதான், ஷாக்கர் விலையோட ஒப்பிட்டா ஒண்ணுமே இல்ல. வண்டிய சமதரையில நிறுத்தி, இன்ஜின ஆஃப் பண்ணி, ஸ்டீயரிங்க ஒரு பக்கமா முழுசா ஒடிச்சிட்டா டயருக்குப் பின்னாடி கை போகும். லிங்க் ராடோட பால் ஜாயிண்ட் (உருண்டை மூட்டு) மேல விரலை வச்சுக்கிட்டு, கூட இருக்கிறவர வண்டிய மேலயும் கீழயும் அமுக்கச் சொல்லுங்க, போயிருந்தா விரல்ல டக்கு டக்குன்னு தட்டும். ஒரு பக்கம் மட்டும் ஜாக்கி போட்டுட்டு ஆட்டிப் பாக்காதீங்க, அப்ப பார் முறுக்கிக்கிட்டு நிக்கும், ஆட்டமே தெரியாது, "நல்லாத்தான் இருக்கு"ன்னு விட்டுடுவீங்க. ஷாக்கர் போயிருந்தா பெரும்பாலும் எண்ணெய் வழிஞ்சு புழுதி அப்பியிருக்கும். அதையும் பாத்துட்டு காசைக் குடுங்க.

கேள்வி: சார், ரெண்டு தடவ அலைன்மென்ட் (சக்கரத்தோட கோணம் சரி பண்றது) பண்ணியும் முன் டயர் உள்பக்கமா தேயுது.

பதில்: லோயர் ஆர்ம் புஷ், அதாவது சக்கரத்த வண்டியோட அடிப்பக்கம் சேக்குற கைக்கு உள்ள இருக்கிற ரப்பர், கிழிஞ்சிருக்கான்னு பாத்தாங்களா? அலைன்மென்ட் மெஷின்ல வண்டி சும்மா நிக்குது, ரீடிங் சரியாத்தான் காட்டும். ரோட்ல பிரேக் போட்டா கிழிஞ்ச புஷ்ஷுல ஆர்ம் நகரும், கோணம் மாறிடும். புஷ் மாத்துறப்ப ஒரு விஷயம், சக்கரம் தொங்கும்போது அந்த போல்ட்ட முழுசா இறுக்கக்கூடாது, வண்டி பாரம் சக்கரத்துல இறங்கினப்புறம்தான் இறுக்கணும். இல்லன்னா ரப்பர் எப்பவும் முறுக்கிக்கிட்டே இருந்து சீக்கிரம் கிழிஞ்சிடும். ஆரம்பத்துல நானே இத தெரியாம செஞ்சு, சில மாசத்துல அதே வண்டி திரும்பி வந்து கைக்காசு போட்டு மாத்திக் குடுத்திருக்கேன்.

கேள்வி: 80-ஐ தாண்டினா ஸ்டீயரிங் நடுங்குது.

பதில்: வீல் பேலன்சிங் பாருங்க, அதாவது சக்கரத்தோட எடை சுத்திலும் சமமா இருக்கான்னு. ரிம் உள்பக்கம் காஞ்ச சேறு ஒட்டியிருந்தாலும் இப்படித்தான் ஆடும், கழுவிட்டுப் பாருங்க. பிரேக் போடும்போது மட்டும் நடுங்கினா பிரேக் டிஸ்க்கப் பாருங்க.

கேள்வி: பஞ்சர் போடுறப்ப ஜாக்கியில நின்ன முன் சக்கரத்த ஆட்டிப் பாத்தேன், ஆடுது. ஓட்டலாமா?

பதில்: எப்படிப் புடிச்சு ஆட்டுனீங்க? மேலயும் கீழயும் புடிச்சு ஆடுனா லோயர் ஆர்ம் பால் ஜாயிண்ட் இல்லன்னா வீல் பேரிங். இடது வலது புடிச்சா மட்டும் ஆடுதுன்னா டை ராடு எண்ட் (ஸ்டீயரிங் திருப்புறத சக்கரத்துக்குக் கொண்டுபோற கம்பியோட நுனி), இல்ல அந்தக் கம்பி உள்ள ஸ்டீயரிங் ரேக்குல சேருற ரேக் எண்ட். டை ராடோ பால் ஜாயிண்டோ கழண்டா சக்கரம் தன் இஷ்டத்துக்குத் திரும்பிடும், அதனால ஹைவே பக்கமே போகாதீங்க, பக்கத்து பட்டறைக்கு மெதுவா போங்க, ஆட்டம் அதிகம்னா கட்டி இழுத்தும் போக வேணாம், தூக்கிட்டுப் போற வண்டியக் கூப்பிடுங்க. டை ராடு மாத்தினா அலைன்மென்ட் கண்டிப்பா பண்ணணும்.

கேள்வி: அண்ணா, நாலு நாள் நிறுத்திட்டு எடுத்தா ஸ்டீயரிங் கல்லு மாதிரி இருக்கு, டேஷ்போர்டுல ஸ்டீயரிங் லைட் எரியுது, கொஞ்ச நேரத்துல சரியாகிடுது.

பதில்: எலக்ட்ரிக் ஸ்டீயரிங்தானேம்மா? மொதல்ல பேட்டரி. வோல்ட்டேஜ் இறங்கினா மோட்டார் உதவி நின்னுடும், வண்டி திரும்பும், கைதான் வலிக்கும். டெர்மினல்ல வெள்ளையா பூத்திருந்தா சுத்தம் பண்ணி இறுக்குங்க, அப்பவும் லைட் வந்தா ஸ்கேனர் (வண்டி கம்ப்யூட்டர்ல பதிவான கோளாறப் படிக்கிற கருவி) போட்டுப் பாக்கச் சொல்லுங்க. ஸ்டீயரிங் ரேக்கை மாத்தணும்னு யாராவது ஆரம்பிச்சா, பேட்டரி வோல்ட்டேஜ் எவ்ளோன்னு கேளுங்க.