வில்லியம் டாம்பியர் கடற்கொள்ளையரா, கடலாய்வாளரா?

இரண்டும்தான். 1651இல் இங்கிலாந்தின் சாமர்செட் பகுதியில் பிறந்த டாம்பியர், எதிரி நாட்டுக் கப்பல்களைப் பிடிக்க அரசு தந்த உரிமத்துடன் சில காலமும், அது இல்லாமல் வெறும் கொள்ளையராகப் பல ஆண்டுகளும் கடலில் திரிந்து, உலகை மூன்று முறை சுற்றிவந்தார்.

அவரைத் தனித்துக் காட்டுவது நாட்குறிப்பே. 1681இல் பனாமா நிலஇடுக்கின் ஆறுகளைக் கடந்தபோது, நனையாதிருக்க அதை ஒரு பெரிய மூங்கில் குழாயிலிட்டு இருமுனைகளையும் மெழுகால் அடைத்திருந்தார். 1690இல் சென்னைக் கோட்டையிலும் சில மாதங்கள் தங்கினார். அக்குறிப்புகள் 1697இல் நூலாக வெளிவந்து புகழ் தந்ததால், கடற்படை 1699இல் அவரை 'ரோபக்' கப்பலுக்குத் தலைவராக்கி ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பியது.

ஆட்களை நடத்தத்தான் அவருக்குத் தெரியவில்லை. துணையதிகாரியைக் கொடுமைப்படுத்தியதற்காக 1702இல் இராணுவ நீதிமன்றம், அரசுக் கப்பல்களுக்குத் தலைமை தாங்கத் தகுதியற்றவர் என அறிவித்தது. ஆனாலும் அடுத்த ஆண்டே, இம்முறை உரிமத்தோடு, மீண்டும் புறப்பட்டார். அப்பயணத்தில் தனித்தீவில் விடப்பட்ட செல்கிர்க் என்ற மாலுமியை 1709இல் மீட்ட கப்பலுக்கு வழிகாட்டியும் அவரே. காற்றோட்டங்களைப் பற்றி அவர் எழுதியவை மாலுமிகளுக்கு நெடுங்காலம் பயன்பட்டன. 1715இல் இலண்டனில் இறந்தார்.