பாட்டு யார் கையில், கதை அவர் பக்கம்

வாசகர் கேள்வி – பதில்

ராக் பாடகர்களின் வாழ்க்கைப் படங்களைப் பற்றிக் கேள்வி அனுப்பச் சொல்லியிருந்தோம். குமரி மாவட்டத்திலிருந்து வந்த கடிதங்கள் பெரும்பாலும் ஒரே இடத்தைத் தொடுகின்றன: மேடையில் பார்த்த மனிதரின் வீட்டுக்குள் கேமரா நுழையும்போது, அது காட்டுவதை எவ்வளவு நம்பலாம்?

வடசேரி, நாகர்கோவில் வாசகர்: ‘போஹிமியன் ராப்சடி’ படத்தில் ‘குயின்’ ராக் குழுவின் பாடகர் ஃப்ரெடி மெர்குரி தனக்கு எச்.ஐ.வி. இருப்பதை ‘லைவ் எய்ட்’ நிதி திரட்டும் கச்சேரிக்கு முன்பே குழுவினரிடம் சொல்லி விடுகிறார். அது நடக்கவே இல்லை என்கிறாள் என் மகள். யார் சொல்வது சரி?

மகள் சொல்வதுதான் சரி. லைவ் எய்ட் நடந்தது 1985 ஜூலை 13. ஃப்ரெடியோடு கடைசிவரை வாழ்ந்த ஜிம் ஹட்டன் தன் நினைவுநூலில் நோய் உறுதியானதை 1987 ஏப்ரலில் வைக்கிறார். குழுவினர் அறிந்தது அதற்கும் பிறகு. ஃப்ரெடி அதை வெளியுலகுக்கு அறிவித்தது 1991 நவம்பர் 23 அன்று, மறுநாள் காலமானார்.

ஒரு தேதியை இரண்டு வருடம் முன்னால் தள்ளியதும் அதைத் தாங்க வேறு பொய்களும் தேவைப்பட்டன. ஃப்ரெடி தனி ஆல்பம் செய்யப் போனதால் குயின் உடைந்தது, லைவ் எய்ட் மேடையில்தான் மறுபடி சேர்ந்தது என்று படம் சொல்கிறது. குயின் உடையவே இல்லை. 1985 ஜனவரியில் ‘ராக் இன் ரியோ’ விழாவில் வாசித்தார்கள், மே மாதம் ஜப்பானில் வாசித்தார்கள், ஜூலையில் லைவ் எய்ட் நடந்த லண்டன் வெம்ப்ளி மைதானத்துக்கு வந்தார்கள். தனி ஆல்பத்தை முதலில் வெளியிட்டவரும் ஃப்ரெடி அல்ல; டிரம்ஸ் கலைஞர் ராஜர் டெய்லரின் தனி ஆல்பம் 1981-இலேயே வந்துவிட்டது. ஃப்ரெடியுடையது வந்தது 1985-இல்.

ஏன் இப்படிச் செய்தார்கள்? படத்தின் கடைசிப் பகுதி முழுக்கக் கச்சேரி. அங்கே கண்ணீர் வரவேண்டுமென்றால், பாடுகிறவர் சாகப்போகிறார் என்பது பார்வையாளருக்குத் தெரிந்திருக்க வேண்டும். திரைக்கதையின் கணக்கு அவ்வளவுதான். ஆனால் அதற்குக் கொடுத்த விலை பெரியது. குழுவை விட்டுப் பிரிந்தார், ம்யூனிக்கில் ஆண் நண்பர்களோடும் போதையோடும் திரிந்தார், நோய் வந்தது, மன்னிப்புக் கேட்டுத் திரும்பினார் என்ற வரிசையில் பார்க்கிறவர் மனதில் நோய் ஒரு தண்டனையாகப் பதிகிறது. அந்த வரிசை உண்மையில் இல்லை. வெட்டி ஒட்டி உருவாக்கியது. எச்.ஐ.வி.யோடு வாழ்கிறவர்கள் நம் ஊரிலும் இருக்கிறார்கள். அதனால் இதைச் சினிமாச் சுதந்திரம் என்று சொல்லிக் கடந்து போக எங்களால் முடியவில்லை.

இன்னும் இரண்டு இடங்களைக் கவனியுங்கள். ஜிம் ஹட்டன் லண்டனில் முடிதிருத்தும் தொழில் செய்தவர். ஃப்ரெடியை இரவு கிளப்பில் சந்தித்தார். படத்தில் அவர் ஃப்ரெடி வீட்டு விருந்தில் பரிமாற வந்தவராகிறார். அடுத்தது ஃப்ரெடியின் சொந்த மேலாளர் பால் பிரெண்டர். படத்தில் கெட்டது எல்லாம் இவர் தலையில்தான் விழுகிறது. லைவ் எய்ட்டுக்கு முன்பே ஃப்ரெடி இவரை விரட்டி விடுகிறார். உண்மையில் அவரை விலக்கியது லைவ் எய்ட்டுக்குப் பிறகு. அவர் ஃப்ரெடியின் அந்தரங்கத்தை லண்டன் பத்திரிகைக்கு விற்றது 1987-இல். குழுவின் பிரையன் மேயும் ராஜர் டெய்லரும் படத்தின் இசைப் பொறுப்பில் இருந்தார்கள். குழுவின் மேலாளர் ஜிம் பீச் தயாரிப்பாளர்களில் ஒருவர். படத்தில் குழுவினர் மூவரும் விருந்திலிருந்து சீக்கிரம் வீடு திரும்பும் குடும்பஸ்தர்களாக இருப்பதையும், தவறுகள் எல்லாம் ஃப்ரெடியிடமும் பிரெண்டரிடமும் சேர்வதையும் இதோடு வைத்துப் பாருங்கள்.

தக்கலை வாசகர்: ஃப்ரெடி இந்தியாவில் படித்தவர்தானே? படத்தில் ஏன் அது இல்லை?

ஆம். சான்சிபாரில் 1946-இல் பிறந்த பார்சி, இயற்பெயர் ஃபரூக் புல்சாரா. மகாராஷ்டிரத்தின் பஞ்சகனியில் செயின்ட் பீட்டர்ஸ் விடுதிப் பள்ளியில் படித்தார். அங்கே பியானோ பயின்றார், ‘தி ஹெக்டிக்ஸ்’ என்ற பள்ளிக்கூடக் குழுவில் வாசித்தார். சான்சிபார் புரட்சிக்குப் பின் 1964-இல் குடும்பம் இங்கிலாந்துக்குப் போனது. படமோ 1970-இல், அவர் லண்டன் விமான நிலையத்தில் பெட்டி தூக்கும்போதுதான் அவர் கதையை எடுக்கிறது. எட்டு வயதில் பெற்றோரை விட்டுக் கடல் கடந்து விடுதிக்கு வந்த பையனைக் காட்டியிருந்தால், பின்னாளில் வீடு நிறைய ஆள் வேண்டும் என்று அவர் தவித்ததற்கு ஒரு வேர் தெரிந்திருக்கும். படம் அந்தத் தவிப்பை மட்டும் காட்டிவிட்டு வேரை விட்டுவிடுகிறது.

மார்த்தாண்டம் வாசகி: ‘எல்விஸ்’, ‘பிரிசில்லா’ இரண்டையும் பார்த்தேன். ஒரே கணவன் மனைவி, ஆனால் இரண்டு வேறு குடும்பம் போல இருக்கிறது. எதை நம்ப?

நல்ல கேள்வி. இந்த இரண்டையும் அடுத்தடுத்துப் பார்ப்பதைப் போல வேறெதுவும் இந்த வகைப் படங்களைப் புரியவைக்காது.

பாடகர் எல்விஸ் பிரெஸ்லியைப் பற்றி 2022-இல் வந்த ‘எல்விஸ்’ படத்தில் கதை சொல்கிறவர் மேலாளர் கர்னல் பார்க்கர். அதனால் கதை மேடை, ஒப்பந்தம், பணம் என்றே ஓடுகிறது. மனைவி இடையிடையே வந்துபோகிறார். 2023-இல் வந்த ‘பிரிசில்லா’வுக்கு மூலம் பிரிசில்லாவே 1985-இல் வெளியிட்ட நினைவுநூல். அதில் கேமரா வீட்டை விட்டு அதிகம் நகர்வதில்லை. எல்விஸ் படப்பிடிப்புக்குப் போய்விட்டால் நாமும் அவளோடு காத்திருக்கிறோம். 1959-இல் ஜெர்மனியில் சந்தித்தபோது அவளுக்கு 14 வயது, அவருக்கு 24. முதல் படம் இதை வேகமாகத் தாண்டுகிறது, இரண்டாவது படம் இதிலேயே நிற்கிறது.

‘பிரிசில்லா’வில் எல்விஸ் பாடிய ஒலிப்பதிவுகள் இல்லை என்பதைக் கவனித்தீர்களா? உரிமை வைத்திருக்கும் நிறுவனம் தரவில்லை. ஒரு பாட்டைப் படத்தில் வைக்க இரண்டு அனுமதி வேண்டும்: வரிக்கும் மெட்டுக்கும் ஒன்று, ஒலிப்பதிவுக்கு இன்னொன்று. பாடகர் இறந்துவிட்டால் இவை பெரும்பாலும் வாரிசுகளிடமோ நிறுவனங்களிடமோ இருக்கும். திரைக்கதை பிடிக்கவில்லையென்றால் பாட்டைத் தரமாட்டார்கள். டேவிட் போவியைப் பற்றி 2020-இல் வந்த ‘ஸ்டார்டஸ்ட்’ படத்தில் போவியின் பாட்டு ஒன்றுகூட இல்லாததற்கும் இதுதான் காரணம். பாட்டில்லாமல் பாடகர் படம் ஓடுவது கடினம். ஆகவே தயாரிப்பாளர் எழுதும்போதே அந்தரங்கக் காட்சிகளை மழுங்கடித்து விடுகிறார். தணிக்கையைவிட வலுவான கத்தரி இது.

எதை நம்புவது என்று கேட்டீர்கள். பிரிசில்லாவின் படமும் ஒரு பக்கத்துக் கதைதான்; தயாரிப்பில் அவருக்கும் பங்கு உண்டு. ஆனால் மூடிய கதவுக்குப் பின்னால் நடந்ததைப் பற்றி, மேலாளர் பார்வையில் சொல்லும் கதையைவிட உள்ளே இருந்தவர் சொல்வதற்கு எடை அதிகம் என்பதே எங்கள் கருத்து. டைட்டில் ஓடும்போது நிர்வாகத் தயாரிப்பாளர் பெயர்களைப் படியுங்கள். யார் பெயர் இருக்கிறதோ அவரைப் பற்றிய காட்சிகளை இரண்டாம் முறை சந்தேகத்தோடு பாருங்கள்.

நெய்யூர் வாசகி: பத்தாம் வகுப்பு மகனோடு, பாடகர் எல்டன் ஜானின் வாழ்க்கைப் படமான ‘ராக்கெட்மேன்’ பார்க்கலாமா?

இரண்டு வருடம் பொறுங்கள். போதை, தற்கொலை முயற்சி, படுக்கையறை எல்லாம் ஒளிவில்லாமல் வருகிறது. அமெரிக்காவில் ‘ஆர்’ சான்றிதழ், அதாவது 17 வயதுக்குக் கீழ் என்றால் பெரியவர் துணை வேண்டும். சில ஸ்டுடியோக்கள் குடும்பத்தோடு பார்க்கும்படி மென்மையாக்கச் சொன்னதாகவும், தன் வாழ்க்கை அப்படி இருந்ததில்லை என்பதால் மறுத்ததாகவும் எல்டன் ஜான் எழுதியிருக்கிறார். உயிரோடு இருக்கிற ஒருவர் தன்னைப் பற்றிய அசிங்கங்களைக் காட்டச் சொன்னது அபூர்வம். பெரியவரானதும் மகனோடு உட்கார்ந்து பேச இதைவிட நல்ல படம் இல்லை. தகவல்களுக்கு மட்டும் அதை நம்பவேண்டாம்: ‘ஜான்’ என்ற பெயரை ஜான் லெனன் படத்தைப் பார்த்து எடுத்ததாகக் காட்டுகிறார்கள், உண்மையில் அது பாடகர் லாங் ஜான் பால்ட்ரியிடமிருந்து வந்தது.

குளச்சல் வாசகர்: நடிகர்கள் உண்மையிலேயே பாடுகிறார்களா?

படத்துக்குப் படம் மாறும். ஃப்ரெடியாக நடித்த ராமி மாலெக் வாயிலிருந்து வருவது பெரும்பாலும் ஃப்ரெடியின் பழைய ஒலிப்பதிவும் மார்க் மார்ட்டெல் என்ற கனடியப் பாடகரின் குரலும் கலந்தது. ‘ராக்கெட்மேன்’ படத்தில் எல்டன் ஜானாக நடித்த டாரன் எகர்டன் தானே பாடினார். பாப் டிலனாக நடித்த திமோதி ஷாலமே படப்பிடிப்புத் தளத்திலேயே நேரடியாகப் பாடினார். அந்தரங்கக் காட்சிகளில்தான் இதன் வேறுபாடு தெரியும். படுக்கையில் உட்கார்ந்து பாதி வரி முணுமுணுக்கும் காட்சிக்கு ஸ்டுடியோ ஒலிப்பதிவைப் போட்டால் குரல் அறைக்கு வெளியே நிற்கும்.

ஒழுகினசேரி வாசகர்: கலைவாணர் எங்கள் ஊர்க்காரர். அவர் வாழ்க்கையை இப்படிப் படமெடுத்தால் கொலை வழக்கையும் சிறையையும் காட்டலாமா? குடும்பம் தடுக்க முடியுமா?

வழக்கைத் தாராளமாகக் காட்டலாம். நடிகர்களின் அந்தரங்கத்தை எழுதிவந்த லட்சுமிகாந்தன் 1944-இல் கொல்லப்பட்டதும், கலைவாணரும் தியாகராஜ பாகவதரும் 1945-இல் தண்டிக்கப்பட்டதும், அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் தலையிட்டபின் 1947-இல் விடுதலையானதும் நீதிமன்ற ஆவணங்கள். பொது ஆவணத்தில் உள்ளதை வெளியிடும்போது அந்தரங்க உரிமை குறுக்கே வராது என்று ஆட்டோ சங்கர் தன்வரலாறு வழக்கில் 1994-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஒருவரின் அந்தரங்க உரிமை அவரோடு முடிகிறது, வாரிசுக்குச் சொத்தாக வராது என்று ஜெயலலிதா படம் தொடர்பான வழக்கில் 2021-இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது.

ஆனால் இறந்தவரைப் பற்றி, குடும்பத்தார் மனம் புண்படவேண்டும் என்ற நோக்கத்தோடு இழிவு செய்தால் அவதூறுக் குற்றமாகலாம். பழைய இந்தியத் தண்டனைச் சட்டம் 499-இல் இருந்தது, இப்போது பாரதிய நியாய சன்ஹிதா 356-இல் இருக்கிறது. விடுதலையில் முடிந்த வழக்கில் ‘இவர்தான் ஆள் வைத்தார்’ என்று ஒரு காட்சியைக் கற்பனையாகச் சேர்த்தால் அந்த எல்லைக்குப் போய்விடுவீர்கள்.

பாட்டு விஷயம் வேறு. கலைவாணர் 1957-இல் மறைந்தார். எழுதியவர் இறந்து 60 ஆண்டு என்ற கணக்கில், அவரே எழுதிய வரிகளுக்கான உரிமை 2017 முடிவோடு தீர்ந்தது. அவருக்குப் பல பாடல் எழுதிய உடுமலை நாராயணகவி மறைந்தது 1981-இல். அந்த வரிகளுக்கு 2041 முடியும்வரை அனுமதி வேண்டும். அந்தக் கால ஒலிப்பதிவுகளுக்கு வெளியான ஆண்டிலிருந்து 60 ஆண்டு என்பதால் அவை தீர்ந்துவிட்டன. வரி, மெட்டு, ஒலிப்பதிவு மூன்றையும் தனித்தனியாகப் பாருங்கள்.

கருங்கல் வாசகர்: எங்கள் பக்கத்தில் சர்ச் கொயரிலும் லைட் மியூசிக்கிலும் பாடி மறைந்த ஒருவரைப் பற்றி 20 நிமிடக் குறும்படம் எடுக்கிறோம். குடி இருந்தது, குடும்பத்தில் பிரச்சினையும் இருந்தது. எப்படித் தொடங்க?

திரைக்கதைக்கு முன் ஒரு வருட அட்டவணை போடுங்கள். ஞானஸ்நானப் பதிவேடு, பள்ளி மாற்றுச் சான்றிதழ், திருமணப் பதிவேடு, கேசட் அட்டை, திருவிழா நோட்டீஸ் ஆகியவற்றில் தேதி இருக்கும். நினைவில் சொல்லும் தேதிகளைப் பென்சிலில் எழுதுங்கள், காகிதச் சான்று கிடைத்ததும் மையால் எழுதுங்கள். 20 நிமிடத்தில் பிறப்பு முதல் இறப்பு வரை ஓட்டினால் குடி ஒரு நிமிடக் காட்சியாகிவிடும். ஒரு நிமிடத்தில் காட்டும் குடி எப்போதும் வில்லத்தனமாகத்தான் தெரியும். ஒன்றிரண்டு வருடத்தை மட்டும் எடுங்கள்.

மனைவி, பிள்ளைகளிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். இறந்தவருக்காகச் சட்டம் கேட்காவிட்டாலும், உயிரோடு இருக்கும் அவர்களும் கதையில் வருகிறார்கள். அவர்களுக்கு அந்தரங்க உரிமை உண்டு. எந்தச் சம்பவங்கள், எந்தப் புகைப்படங்கள், யூடியூபில் போடலாமா, பணம் வந்தால் பங்கு என்ன என்பதெல்லாம் அந்தத் தாளில் வரவேண்டும். வெட்டி முடித்ததும் அவர்கள் பார்த்துத் தகவல் பிழை சொல்லலாம் என்று எழுதுங்கள். காட்சியை நீக்கச் சொல்லும் உரிமையைத் தரவேண்டாம். அதைத் தந்தால் மேலே சொன்ன பெரிய படங்களின் கதிதான்.

பலர் தடுமாறுவது கடிதத்தில். கடிதம் மனைவியின் பெட்டியில் இருந்தாலும் அதன் வரிகள் எழுதியவருக்கும் அவர் வாரிசுகளுக்கும் சொந்தம்; நண்பர் எழுதிய கடிதமென்றால் நண்பரிடம் கேளுங்கள். ஸ்டுடியோவில் காசு கொடுத்து எடுத்த படத்தின் உரிமை, வேறு ஒப்பந்தம் இல்லையென்றால், எடுக்கச் சொன்னவருடையது; அவரிடமோ அவர் வாரிசுகளிடமோ கேளுங்கள். கதையில் வர விரும்பாதவர் இருந்தால் பெயரை மாற்றுங்கள். டிலன் படத்தில் அவருடைய முன்னாள் காதலி சூஸ் ரோட்டலோவின் பெயர் சில்வி ரூசோ ஆனது டிலனே கேட்டுக்கொண்டதால்தான்.

கொயர் பாட்டில் பாதித் தலைவலி குறையும். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் 1864-இல் மறைந்தவர், அவர் கீர்த்தனைகளுக்கு உரிமைத் தடை இல்லை. புது ஏற்பாட்டில் யாரோ வெளியிட்ட சிடியை அப்படியே போடாமல் உங்கள் ஆட்களை வைத்துப் பாடிப் பதிவு செய்யுங்கள்.

அவர் குரல் உள்ள கேசட் கிடைத்தால், முதலில் நாடாவைப் பாருங்கள். கடற்காற்றில் வெள்ளைப் பூஞ்சை பிடித்திருந்தால் ஓட்டாதீர்கள், பிளேயரில் நாடாவைத் தொட்டு ஒலியைப் படிக்கும் பாகமான ஹெட்டிலும் மற்ற கேசட்டிலும் பரவும். சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள். நல்ல நாடா என்றால் ஹெட்டை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் துடைத்து, கடைசிவரை ஒருமுறை வேகமாக ஓட்டித் திருப்பிச் சுற்றிவிட்டு, 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் வேவ் கோப்பாக எடுங்கள். பழைய பிளேயர்களில் வேகம் தவறியிருக்கும். பாட்டின் சுருதி தெரிந்தால் கீபோர்டோடு ஒப்பிடுங்கள். அரைச் சுருதி ஏறியிருந்தாலே அவரை அறிந்தவர்கள் இது அவர் குரல் இல்லை என்பார்கள்.

கற்பனையாகச் சேர்த்த காட்சிகள் எவை என்று படத்தின் கடைசியில், வாசிக்க நேரம் கிடைக்கும்படி குறைந்தது எட்டு விநாடி எழுதிக் காட்டுங்கள். ஊர்ப் பந்தலில் போடுவதற்கு ஒரு வாரமாவது முன்னால் மனைவிக்கு வீட்டில் போட்டுக் காட்டிவிடுங்கள்.