புள்ளைங்கள பாத்துக்குவேன், அவங்க அப்பா அம்மாவ நெனச்சாதான் பயமா இருக்குன்னு கேட்ட தங்கச்சிக்கு

தங்கச்சி, உன் வாய்ஸ் மெசேஜ் ரெண்டு தடவை கேட்டேன். பாலக்கோட்டுல டிடிஎட் முடிச்சுட்டு கல்யாணமாகி ஓசூர் வந்துட்ட, பக்கத்து லைன்ல ரெண்டு பேர் எங்க கொழந்தைய பகல்ல பாத்துக்கறியான்னு கேக்கறாங்க, உங்க அம்மா என்னடான்னா வாத்தியாருக்கு படிச்சவ ஆயா வேலை பாக்கறதான்னு அழறாங்க. அம்மாவுக்கு அப்புறமா நானே போன் பண்றேன். இது நல்ல வேலை, அதுவும் ஓசூர்ல ரொம்ப தேவையான வேலை. சிப்காட்ல எவ்வளவு பொண்ணுங்க வேலைக்கு போறாங்கன்னு காலைல அஞ்சு மணிக்கு கம்பெனி பஸ் நிக்கற எடத்துல பாத்தா தெரியும், பாதி பேருக்கு மாமியாரும் இல்ல அம்மாவும் இல்ல, எல்லாரும் ஊர்ல. அம்பது பேரோ அதுக்கு மேலயோ வேலை செய்யற எடத்துல குழந்தை காப்பகம் வசதி இருக்கணும்னு 2017ல சட்டமே திருத்தியிருக்காங்க, ஆனா இருந்தாலும் வீட்டு பக்கத்துல தெரிஞ்ச முகத்துகிட்ட விடணும்னுதான் பல அம்மாங்களுக்கு மனசு.

நீ கேட்டது பெத்தவங்கள எப்படி சமாளிக்கறதுன்னு. அதுக்கு என் கதை ஒண்ணு சொல்லணும். என் பொண்ணுக்கு ஒண்ணே முக்கால் வயசு இருக்கும்போது நான் வேலைக்கு போக ஆரம்பிச்சேன், அவள ஒரு வீட்ல விட்டேன், அந்தம்மா நல்லா பாசமாத்தான் பாத்துக்கிட்டாங்க. ஒரு நாள் ராத்திரி குளிப்பாட்ட தண்ணி ஊத்தறேன், தோள்பட்டைக்கு கீழ பல்லு பட்ட தடம், மேல நாலு கீழ நாலு, சுத்தி ஊதா கலர்ல. மறுநாள் கேட்டா "சின்ன பசங்கன்னா அப்படித்தாம்மா, கடிச்சுக்குவாங்க"ன்னு சொன்னாங்க. உண்மைதான், அந்த வயசுல புள்ளைங்க கடிக்கும், அது எனக்கும் தெரியும். ஆனா சாயங்காலம் புள்ளைய கையில குடுக்கும்போது சிரிச்சுக்கிட்டே "நல்லா இருந்தா"ன்னு சொன்னாங்களே, அத என்னால தாங்க முடியல, இன்னும் எத்தன நாள் இப்படி நல்லா இருந்தான்னு சொன்னாங்களோன்னு யோசிச்சு யோசிச்சு அந்த வாரமே நிறுத்திட்டேன்.

அதனால உனக்கு நான் சொல்ற மொத வேலை இதுதான், கெட்ட சேதிய கொழந்தையோட அம்மா கண்டுபுடிக்கறதுக்கு முன்னாடி நீ சொல்லிடு. விழுந்தானா, கடி பட்டுச்சா, மதியம் சாப்பாட்ட துப்பிட்டானா, எத்தன மணிக்கு, நீ என்ன பண்ணுன, எல்லாம். "பதினொன்ற மணிக்கு இன்னொரு கொழந்த கடிச்சிருச்சுக்கா, சோப்பு தண்ணி போட்டு கழுவுனேன், தோலு கிழியல, அஞ்சு நிமிஷம் அழுதா அப்புறம் வெளையாடுனா"ன்னு சொல்லிட்டா எந்த அம்மாவும் சண்டைக்கு வர மாட்டாங்க, கொஞ்சம் மூஞ்சி சுருங்கும், அவ்ளோதான். கடிச்சது யாருன்னு மட்டும் சொல்லாத, சொன்னா தெருவுல ரெண்டு குடும்பத்துக்கு பேச்சு நின்னுடும். பெரிய அடின்னா சாயங்காலம் வரைக்கும் காத்திருக்காத, உடனே போன், தேவைன்னா 108. கம்பெனி உள்ள செல்போன் விட மாட்டாங்க பல எடத்துல, அதனால சேர்க்கும்போதே லைன் சூப்பர்வைசர் நம்பரோ, வீட்ல இன்னொருத்தர் நம்பரோ வாங்கி வெச்சுக்க.

ஒரு கொழந்தைக்கு ஒரு நோட்டு, நாப்பது பக்கம் போதும். சாப்பாடு, தூக்கம், கக்கா, காயம், இத எழுதி பையிலயே வெச்சு அனுப்பு. பர்ஸ்ட் ஷிப்ட் முடிச்சு வர்ற அம்மா நின்னு பேசற நெலமையில இருக்க மாட்டாங்க, காலைல நாலு மணிக்கு எந்திரிச்சவங்க, வீட்டுக்கு போய் படிச்சுக்குவாங்க.

இன்னொன்னு. பிரசவ லீவு இருபத்தாறு வாரம், அதுல எட்டு வாரம் வரைக்கும் பிரசவத்துக்கு முன்னாடியே எடுத்துக்கலாம், அப்படி எடுத்தவங்க வேலைக்கு திரும்பும்போது கொழந்தைக்கு நாலு மாசம் சொச்சம்தான் ஆயிருக்கும். ஆறு மாசம் வரைக்கும் தாய்ப்பால் மட்டும்தான்னு டாக்டருங்க சொல்றாங்க. அப்ப அந்த அம்மாவுக்கு பால எடுத்து வெச்சு குடுத்துட்டு போகணும்னு ஆச இருக்கும், உன்கிட்ட சொல்ல கூச்சமா இருக்கும். நீயே கேளு. பாட்டில்ல பேர், எடுத்த நேரம் எழுத சொல்லு, வந்ததும் பிரிட்ஜ்ல வை, சுடு தண்ணி கிண்ணத்துல வெச்சு வெதுவெதுப்பாக்கு, நேரா அடுப்புல வைக்காத, கொழந்த குடிச்சு மிச்சம் வெச்சத அடுத்த வேளைக்கு எடுத்து வைக்காத. இத நீ தெரிஞ்சு வெச்சிருக்கன்னு அந்தம்மாவுக்கு தெரிஞ்ச நாள்ல இருந்து உன்ன கூட பொறந்தவளா நெனப்பாங்க.

ஓசூர்ல பாஷ விஷயம் வேற இருக்கு. ஒரு பொண்ணு என்கிட்ட சொன்னா, புதுசா வந்த பையன் "ஹாலு ஹாலு"ன்னு ஒரே அழுக, இவளும் ஹாலுக்கு தூக்கிட்டு போய் பேன் போட்டு விட்டு பொம்மை காட்டியிருக்கா, அவன் இன்னும் அழுதிருக்கான். கன்னட வீடு, பால் கேட்டிருக்கான். தெலுங்கு வீட்டு கொழந்த நீள்ளுன்னா தண்ணி. தமிழ் வீட்லயே ஒண்ணுக்கு வந்தா ஒரு வீட்ல உச்சா, இன்னொரு வீட்ல மூச்சா. சேர்க்கற அன்னிக்கே ஒரு பத்து வார்த்தை கேட்டு எழுதிக்க, தூங்க வைக்க என்ன பாட்டு, முட்ட குடுக்கலாமா, ராகி கஞ்சில வெல்லம் போடலாமா எல்லாம். ஒரு வயசுக்குள்ள தேன் மட்டும் யார் சொன்னாலும் குடுக்காத, பாட்டி சொன்னாலும் சரி, பொறுமையா காரணம் சொல்லு, அதுல ஒரு வகை கிருமி இருக்கலாம், சின்ன கொழந்த கொடல் தாங்காது.

மருந்து விஷயத்துல நீ கறாரா இருக்கணும். பாராசிட்டமால் சிரப்பே ஒண்ணுல அஞ்சு மில்லிக்கு 120 மில்லிகிராம் இருக்கும், இன்னொண்ணுல 250 இருக்கும், சொட்டு மருந்து அதவிட கெட்டி. "அதே மருந்துதான் குடுத்துடு"ன்னு போன்ல சொன்னா குடுக்காத. டாக்டர் சீட்டு, எத்தன மில்லி, எத்தன மணிக்கு, அம்மா கையெழுத்து. தடுப்பூசி அட்டை ஒரு ஜெராக்ஸ் வாங்கி வை. யார் வந்து கூட்டிட்டு போவாங்கன்னும் எழுதி வாங்கு, "நான் மாமாதான்"னு வந்து நின்னா அம்மாகிட்ட பேசாம அனுப்பாத, கோவப்பட்டா பட்டுக்கட்டும். கொழந்த போட்டோவ ஸ்டேட்டஸ்ல போடாத, கண்ணு படும்னு அவங்களுக்கு பயம், எனக்கு வேற பயம்.

காசு பேச உனக்கு கூச்சம்னு சொன்ன. பேசித்தான் ஆகணும். மாசம் எவ்ளோ, எந்த தேதிக்குள்ள, லீவு போட்டா கழிப்பியா மாட்டியா, ஓவர்டைம் பாத்துட்டு லேட்டா வந்தா அரை மணிக்கு எவ்ளோ, உனக்கு காய்ச்சல்னா என்ன ஏற்பாடு, எல்லாத்தையும் ஒரு பேப்பர்ல எழுதி ரெண்டு பேரும் கையெழுத்து போடுங்க. பஸ் லேட்டாகி கால் மணி நேரம் ஆனா விட்டுடு, வாரத்துல நாலு நாள் ஒரு மணி நேரம்னா அப்பவே சொல்லிடு, மனசுல வெச்சு வெச்சு மூணாவது மாசம் கத்துனா ஒறவு போயிடும்.

இதெல்லாத்தவிட கஷ்டம் ஒண்ணு வரும். ஒரு நாள் அம்மா வாசல்ல கை நீட்டுவாங்க, கொழந்த உன் கழுத்த கட்டிக்கிட்டு போக மாட்டேன்னு முகத்த திருப்பிக்கும். அப்ப அந்தம்மா மூஞ்சிய பாரு, சிரிப்பாங்க ஆனா கண்ணு கலங்கியிருக்கும். பெருமைப்படாத தங்கச்சி. உடனே "மூணு மணில இருந்து வண்டி சத்தம் கேக்கறப்பலாம் கதவுகிட்ட ஓடுனாக்கா"ன்னு நடந்தத சொல்லு, கொழந்தைய அவங்க மடில உக்கார வெச்சுட்டு நீ தண்ணி எடுக்கற மாதிரி உள்ள போயிடு. உன்ன அம்மான்னு கூப்பிட்டா அக்கான்னு சொல்லிக்குடு. காலைல விட்டுட்டு போறப்ப தெரியாம நழுவ விடாத, அழுதாலும் டாட்டா சொல்லிட்டு போகச் சொல்லு, இல்லன்னா கொழந்த நாள் பூரா கதவையே பாத்துட்டு இருக்கும்.

வாடகை வீடுதான, ஹவுஸ் ஓனர்கிட்ட மொதல்ல கேட்டுக்க. மொத ஆறு மாசத்துக்கு ரெண்டு கொழந்தைக்கு மேல சேர்க்காத, எத்தன பேர் கெஞ்சினாலும். பிளே ஸ்கூல்னு போர்டு வைக்கற எண்ணம் இருந்தா அதுக்கு தனி அனுமதி வேணும், கிருஷ்ணகிரி கலெக்டர் ஆபீஸ்ல விசாரிச்சுட்டு அப்புறம் யோசிக்கலாம். அந்த ஒப்பந்த பேப்பர எழுதி வை, ஞாயித்துக்கிழமை நான் தர்மபுரிலதான் இருப்பேன், அம்மாவையும் கூட்டிட்டு வா, உக்காந்து படிச்சு பாத்து திருத்தி குடுக்கறேன்.