விந்தணுத் தலை உருண்டையாக இருந்தால் புரோட்டீன் பவுடர் உதவுமா?

கேள்வி: கணவருக்கு வயது 33, எனக்கு அத்தை மகன். 4 வருடமாகக் குழந்தை இல்லை. விந்துப் பரிசோதனையில் கவுன்ட் சரி, ‘தலை எல்லாமே உருண்டை’ என்கிறார்கள். விரையில் ஏதோ புரோட்டீன் இல்லையாம். கிளினிக்குக்கு அழைத்துப்போன இடைத்தரகர் 6 மாதத்துக்குப் பவுடர் வாங்கச் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள், அம்மா. டப்பாவில் இருப்பது வயிற்றில் செரித்துப்போகும் உணவு. விரைக்குள் வளரும் விந்தணு, மரபணுக் குறிப்பைப் பார்த்துத் தானே செய்துகொள்வதுதான் உங்களிடம் சொன்ன புரோட்டீன். குறிப்பே இல்லாதபோது எத்தனை டப்பா குடித்தாலும் அது வராது.

விந்தணுத் தலையில் ஒரு தொப்பி உண்டு. முட்டையின் உறையைக் கடக்க அது வேண்டும். தொப்பியை உட்கருவோடு இழுத்துப் பிடிப்பது டி.பி.ஒய்.19எல்2 என்ற புரோட்டீன். அது இல்லையென்றால் தொப்பி கழன்றுபோகும், தலையும் நீளாது. சாயமேற்றிய ஸ்லைடில், நல்ல விந்தணுவின் தலை முன்பாதி வெளிறி, முட்டை வடிவில் இருக்கும். இதுவோ வால் முளைத்த மிளகு. அந்தப் புரோட்டீனுக்கான மரபணுவே முழுதாக விடுபட்டிருப்பதுதான் முக்கியக் காரணம் என்று 2011-இல் கண்டுபிடித்தார்கள்.

முதலில் அந்த ‘எல்லாமே’ உண்மையா என்று பாருங்கள். நூற்றுக்கு நூறு உருண்டையா, எழுபதா? எழுபது என்றால் கதையே வேறு. மீதி முப்பதில் தொப்பியுள்ள நல்ல விந்தணு கிடைக்கலாம். அதைத் தேர்ந்தெடுத்து இக்சி (ஒரு விந்தணுவை ஊசியால் நேரே முட்டைக்குள் செலுத்துவது) செய்யலாம். இந்த எண்ணை எழுதாமல் ‘அப்நார்மல்’ என்று ஒரே சொல்லில் முடிக்கும் லேப் ரிப்போர்ட்டுகளைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. நல்ல வடிவம் 4 சதவீதம் இருந்தாலே போதும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. அந்த 4-ஐக் காட்டிப் பயமுறுத்தியே பவுடர் விற்கிறார்கள். வேறு லேபில் இன்னொரு முறை பாருங்கள்.

நூறும் உருண்டை என்றால் ஐ.யூ.ஐ.க்குப் பணம் கட்டாதீர்கள். தொப்பியில்லாத விந்தணுவைக் கருப்பைக்குள் விட்டுப் பயனில்லை. இக்சிதான் வழி. அதிலும் ஒரு சிக்கல்: முட்டையை எழுப்பிக் கருவாக வளரத் தொடங்க வைக்கும் பொருளும் இந்த விந்தணுவில் பெரும்பாலும் இருக்காது. கால்சியம் அயனோஃபோர் என்ற வேதிப்பொருள் கொண்டு முட்டையைத் தூண்டுவார்களா என்று முட்டை எடுக்கும் முன்பே கேளுங்கள். பலர் ஒரு சிகிச்சைச் சுழற்சி வீணான பிறகுதான் இதைக் கேள்விப்படுகிறார்கள்.

நீங்கள் சொந்தத்தில் கட்டியவர். கணவருக்கு மரபணு விடுபட்டது உறுதியானால் உங்களுக்கும் சோதனை செய்யுங்கள். நீங்களும் அதைச் சுமந்தால் மகனுக்கும் இதே குறை வர வாய்ப்புண்டு. செயற்கைக் கருத்தரிப்புக்கான 2021 சட்டப்படி கிளினிக்கின் பதிவுச் சான்றிதழ் கண்ணில் படும் இடத்தில் மாட்டியிருக்க வேண்டும். அதைப் படித்துவிட்டு, இடைத்தரகரை வெளியே நிறுத்திவிட்டு, டாக்டரிடம் நேரே பேசுங்கள்.