பில் இருக்கிறது, கையெழுத்து இருக்கிறதா?

கேள்வி: ஒரு நிறுவனத்துக்கு நான்கு முறை அட்டைப்பெட்டி அனுப்பினேன். கடைசி இரண்டு பில்லுக்குப் பணம் வரவில்லை. கேட்டால், "அந்தச் சரக்கே எங்களுக்கு வரவில்லை" என்கிறார்கள். பில் நகலும் என் கணக்குப் பேரேடும் போதாதா?

பதில்: போதாது, ஐயா. பில்லும் நீங்கள் எழுதியது, பேரேடும் நீங்கள் எழுதியது. கணக்குப் புத்தகப் பதிவை மட்டும் வைத்து ஒருவர் தலையில் கடனைக் கட்ட முடியாது என்று 1872 சாட்சியச் சட்டத்தின் 34-வது பிரிவு சொன்னது. அதன் இடத்துக்கு வந்த 2023 சட்டத்திலும் அதே விதிதான். சரக்கு அவர்கள் கைக்குப் போனதை நீங்கள்தான் காட்டியாக வேண்டும்.

டெலிவரி சலானை எடுத்து அடியில் பாருங்கள். பெரும்பாலும் ஒரு கிறுக்கல் இருக்கும். பெயர் இல்லை, தேதி இல்லை, முத்திரை இல்லை. யார் போட்டது என்று கேட்டால் சரக்கை இறக்கிவிட்டு வந்த டிரைவருக்கே தெரியாது. அந்தக் கிறுக்கலைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது. உழைத்துச் செய்து, வண்டி வாடகையும் கொடுத்து அனுப்பிய சரக்கு, ஒரு பெயரை எழுதி வாங்காததால் போகாத சரக்காகிவிடுகிறது. வாங்கும் இடத்து ஆள் தன் பெயர், பெட்டிகளின் எண்ணிக்கை, தேதி மூன்றையும் எழுதி முத்திரை வைத்த பிறகுதான் வண்டி கிளம்ப வேண்டும். அவசரம் என்பார்கள். நிற்கட்டும் வண்டி.

சரி, உங்கள் விஷயம் இன்னும் கைமீறவில்லை. லாரி ரசீது, இ-வே பில் (சரக்கை வண்டியில் அனுப்ப ஜிஎஸ்டி இணையதளத்தில் எடுக்கும் சீட்டு), டிரைவரின் சாட்சியம் எல்லாம் திரட்டுங்கள். முக்கியமாக, அந்த இரண்டு பில்லுக்கும் அவர்கள் ஜிஎஸ்டியில் உள்ளீட்டு வரி வரவு (வாங்கிய சரக்குக்குக் கொடுத்த வரியைத் தாங்கள் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்வது) எடுத்தார்களா என்று கேட்டு, அந்தக் கணக்கைத் தாக்கல் செய்யச் சொல்லி வழக்கறிஞர் மூலம் மனுப் போடுங்கள். சரக்கைப் பெற்றவர்தான் அந்த வரவை எடுக்க முடியும். வரவை எடுத்துக்கொண்டு சரக்கு வரவில்லை என்று சொல்வது எடுபடாது.

கேள்வி: "நல்ல நிலையில் பெற்றேன்" என்று கையெழுத்துப் போட்டுவிட்டேன். மூன்றாம் நாள் பிரித்தால் பாதி உடைசல். முழுப் பணமும் கட்ட வேண்டுமா?

பதில்: இன்றே எழுதுங்கள், நாளைக்கு என்று வைக்காதீர்கள். உடைந்ததைப் பெட்டியோடு படம் எடுத்து, எத்தனை உடைசல் என்று எண்ணி, மின்னஞ்சலில் அனுப்புங்கள். சரக்கைச் சோதித்துப் பார்க்க வாங்குபவருக்கு நியாயமான வாய்ப்பு உண்டு என்கிறது 1930 சரக்கு விற்பனைச் சட்டம். ஆனால் சொல்லாமலே வைத்திருந்தால் ஏற்றுக்கொண்டதாகிவிடும். அலுவலகத்துக்குக் கண்ணாடி அலமாரிகள் வாங்கியபோது நானும் பிரிக்காமல் கையெழுத்துப் போட்டேன். இரண்டு மாதம் கழித்துப் பிரித்தபோது கதவுகளில் விரிசல். முழுப் பணமும் கட்டினேன். இன்றும் அந்த விரிசலில் டேப் ஒட்டியிருக்கிறது.

கேள்வி: வாங்கிய சரக்கை எட்டு மாதத்தில் விற்றும் முடித்துவிட்டேன். இப்போது பணம் கேட்கிறார். தரம் சரியில்லை என்று சொல்லிவிடலாமா?

பதில்: பணத்தைக் கட்டுங்கள்.

கேள்வி: பாக்கியை ரொக்கமாகக் கொடுத்தேன், ரசீது வாங்கவில்லை. மறுபடி கேட்கிறார்.

பதில்: பணம் கொடுத்ததைக் கொடுத்தவர்தான் நிரூபிக்க வேண்டும். இதை எத்தனை முறைதான் எழுதுவது? அன்று வங்கியில் எடுத்த தொகையின் பதிவும், உடன் இருந்தவரும் உண்டா என்று பாருங்கள். இனி ரசீதில்லாமல் ரொக்கம் நீட்டாதீர்கள்.

கேள்வி: "அடுத்த மாதம் தருகிறேன்" என்றே இரண்டரை ஆண்டு ஓட்டிவிட்டார். நல்ல மனிதர், நோட்டீஸ் விடத் தயக்கமாக இருக்கிறது.

பதில்: உங்கள் தயக்கம் புரிகிறது, ஆனால் காலம் காத்திருக்காது. சரக்கு விலைக்கு வழக்குப் போட 3 ஆண்டுதான். கடன் தவணை பேசியிருந்தால் அது முடிந்த நாளிலிருந்து, பேசாவிட்டால் சரக்கு கொடுத்த நாளிலிருந்து எண்ண வேண்டும். வாய்வார்த்தை வாக்குறுதி அதை நீட்டிக்காது. கெடு முடிவதற்குள் "இவ்வளவு பாக்கி தர வேண்டும்" என்று அவர் எழுதிக் கையெழுத்திட்டால் அன்றிலிருந்து புதிதாக 3 ஆண்டு கிடைக்கும். நல்ல மனிதர் என்கிறீர்களே, இந்த வாரமே ஒரு பாக்கி உறுதிக் கடிதத்தை அவர் முன் வையுங்கள். கையெழுத்துப் போட மறுத்தால் மறுநாளே வழக்கறிஞரைப் பாருங்கள்.