ஆயுளும் பரம்பரையும்

கேள்வி: என் பெற்றோர் இருவருமே எழுபது வயதை எட்டவில்லை. ஆயுள் பரம்பரையாக வருவது என்கிறார்கள். ஐம்பது வயதான நான் இனிமேல் பழக்கங்களை மாற்றிக்கொள்வதால் பயன் உண்டா?

பதில்: நிச்சயமாக உண்டு. டென்மார்க்கில் 1870 முதல் 1900 வரை பிறந்த இரட்டையர்களின் வாழ்நாளை ஒப்பிட்டு 1996இல் வெளியான ஆய்வு, ஆயுளில் காணப்பட்ட வேறுபாடுகளில் ஏறக்குறைய கால் பங்கை மட்டுமே மரபணுக்களின் கணக்கில் சேர்த்தது. (நூறு வயதைக் கடப்பவர்களிடம் மரபின் பங்கு கூடுதல் என்பது உண்மையே, உங்கள் கவலை அதைப் பற்றியதன்று.)

காலம் கடந்துவிட்டதோ என்னும் ஐயத்துக்கு, பிரிட்டனில் ஆண் மருத்துவர்களிடையே ரிச்சர்ட் டாலும் ஆஸ்டின் பிராட்ஃபோர்டு ஹில்லும் 1951இல் தொடங்கி ஐம்பது ஆண்டுகள் நீடித்த ஆய்வையே சிறந்த விடையாகக் கருதுகிறேன். தொடர்ந்து புகைத்தவர்கள் சராசரியாக 10 ஆண்டுகளை இழந்தார்கள். ஆனால் 60 வயதில் அப்பழக்கத்தை விட்டவர்கள் அவற்றில் ஏறத்தாழ 3 ஆண்டுகளையும், 50இல் விட்டவர்கள் 6 ஆண்டுகளையும், 40இல் விட்டவர்கள் 9 ஆண்டுகளையும் மீட்டுக்கொண்டார்கள்.

நீங்கள் புகைப்பவரா என்று எழுதவில்லை. இல்லையெனில், அறிகுறி காட்டாமலே உடலைக் கெடுக்கும் உயர் இரத்த அழுத்தத்தை முதலில் பரிசோதியுங்கள். பெற்றோர் எந்த நோயால், எந்த வயதில் இறந்தார்கள் என்பதையும் மருத்துவரிடம் தவறாமல் சொல்லுங்கள்; உங்களுக்கு எந்தப் பரிசோதனையை எப்போது தொடங்குவது என்பதை அவர் அதைக் கொண்டே முடிவு செய்வார்.